ஊர் வாய் மூடும்போது: இளையோர் திகில் கதைகளும் கந்தக பூமியும்

இளையோர் திகில் படங்களில் பேயைவிட ஊர்தான் முக்கியம். 1984இல் வெஸ் கிரேவன் எடுத்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' இதற்கு நல்ல சான்று. பெற்றோர்கள் கூடி ஒருவனை எரித்துக் கொன்றுவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறார்கள். பழியைப் பிள்ளைகள் சுமக்கிறார்கள். 1998இல் வந்த 'டிஸ்டர்பிங் பிஹேவியர்' இன்னும் கசப்பானது. அடங்காத பிள்ளைகளின் மூளையில் கருவி பொருத்தி 'நல்ல பிள்ளைகள்' ஆக்குகிறது ஒரு சிற்றூர். பெற்றோர் சம்மதத்தோடுதான் அது நடக்கிறது.

தமிழில் இப்படியொரு தனி வகை வளரவில்லை. ஆனால் ஊர் மறைக்கும் உண்மை என்ற சரடு இங்கும் தொடர்ந்து வந்திருக்கிறது. பிள்ளைகளை அடக்க இங்கே கருவி வேண்டியதில்லை. காவல் தெய்வத்தின் மீதுள்ள பயமே போதும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கி 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'விடாது கருப்பு' அந்தப் பயத்தின் மேல் எழுந்த கதை. தப்பு செய்தவனைக் கருப்பு விடாது என்பதே அந்தக் கிராமத்தின் எழுதாத சட்டம். கதை அவிழும்போது, சிறுவயதில் கண்ட கொடுமையால் மனம் பிளந்த ஒருவன் அங்கே நிற்கிறான். தெய்வத்தின் பெயரால் ஊர் எதையெல்லாம் பார்க்காமல் இருந்துகொண்டது என்று கேட்ட முதல் பெரிய வெகுஜனப் படைப்பாகவே இதை மதிப்பிடுகிறேன்.

2009இல் அறிவழகனின் 'ஈரம்' கிராமத்தை விட்டு அடுக்ககத்துக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் ஒரு பெண்மீது சுமத்திய அவதூறு அவள் உயிரைக் குடிக்க, அவள் தண்ணீராய்த் திரும்பி வருகிறாள். 2022இல் புஷ்கர்-காயத்ரி எழுதிய 'சுழல்' தொடரில் பேயே இல்லை. மயானக் கொள்ளைத் திருவிழா நாளில் மலையூரின் சிமெண்ட் ஆலை எரிகிறது. பள்ளிச் சிறுமி ஒருத்தி காணாமல் போகிறாள். ஊரே ஆலையைச் சுற்றித் தேட, கொடுமையோ வீட்டுக்குள் இருக்கிறது.

எரியும் ஆலையும் பலியாகும் பிள்ளைகளும், கந்தக பூமி எனப்படும் சிவகாசி வட்டாரத்தில் கற்பனை அல்ல. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம், தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் உழைத்த குழந்தைகளைப் பதிவு செய்தது. விடிவதற்கு முன்பே கிராமம் கிராமமாக வண்டி வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிப்போன காலம் அது. எல்லோருக்கும் தெரியும், யாரும் ரகசியம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு விட்டிருந்தது பிறகு வெளிவந்தது. 2012இல் முதலிப்பட்டியில் 40 பேர் அளவில் இறந்தபோதும் பேசப்பட்டது இதே உள்குத்தகைதான். சுற்றுவட்டாரத்தில் அது அன்றாடச் செய்தி.

அமெரிக்கப் படத்தின் வார்ப்பை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அநியாயமாகிவிடும். எல்ம் தெருப் பெற்றோர் தங்கள் மானத்தைக் காக்க வாய் மூடினார்கள். மானாவாரி நிலமும் மழை பொய்த்த வானமுமாக இருக்கும் வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தாய், நாளைக்கு வேலை இருக்க வேண்டுமே என்று வாய் மூடுகிறாள். இரண்டையும் ஒரே குற்றமாகக் காட்டும் படம் பொய் சொல்லும். உள்குத்தகைக்கு விட்டவரையும், அதைக் கண்டும் காணாமல் போனவரையும் விட்டுவிட்டு ஊரைப் பூதமாக்கும் படமும் அப்படித்தான்.

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் பட்டாசு மருந்து படிந்த கைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அவர்களில் பலர் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்கள் கையில் கேமராவைக் கொடுங்கள்.