வருத்தக்காரரின் தமிழ்

1992இல் மூன்று வருடப் பயிற்சியை முடித்து, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நியமனம் பெற்று, முதல் இரவு வேலைக்குப் போனேன். எனக்கு 24 வயது. இணுவிலிலிருந்து சைக்கிள். 1990இல் போன மின்சாரம் ஊருக்குத் திரும்பி வந்திருக்கவில்லை. வீட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கில்தான் என் வெள்ளைச் சீருடையை மடித்தேன். ஆஸ்பத்திரியைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் தன் பாதுகாப்பில் எடுத்திருந்த காலம் அது. வாசலுக்குள் ஆயுதம் கொண்டுவரக்கூடாது. அந்த வாசலைத் தாண்டும்போது நெஞ்சு ஆறியதை இன்றும் உணர்கிறேன்.

வாட்டில் ஒரு ஆச்சி சுருண்டு கிடந்தார். "பிள்ளை, நாரிக்குள்ளை கொழுவிப் பிடிக்குது. பேந்து அடிவயித்துக்கை இறங்கி உளையுது" என்றார். நான் அவருடைய ரிக்கற்றில் நாரி நோ என்பதை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். கடமையிலிருந்த சிஸ்டர் ரோர்ச் வெளிச்சத்தில் அதை வாசித்தார்.

"தங்கச்சி, ஆச்சி ரெண்டு நோ சொன்னவா. நீ ஒண்டுதான் எழுதியிருக்கிறாய். மற்றது எங்கை?"

நாரியில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் நோவென்றால் சலக்கல்லையும் நினைக்கவேண்டும். புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆச்சி தமிழில் கிடந்தார். விடியுமுன் சிஸ்டர் தன் சீ.ஆர். கொப்பியொன்றை எனக்குத் தந்தார். வருத்தக்காரர் சொல்லும் சொற்களை ஒரு பக்கமும், டொக்ரருக்கு எழுதவேண்டியதை மறுபக்கமுமாக அவர் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்தார். குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு, முட்டு, சத்தி, தலையிடி, நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, கூகைக்கட்டு. இங்கே வருத்தம் என்றாலே நோய்தான்.

இந்தச் சிக்கல் எங்களோடு தொடங்கவில்லை. 1847இல் இளம் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். அவருக்கு முன்பே, 1820 அளவில், ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருந்து கொடுக்கத் தொடங்கியிருந்தார். கிறீன் மானிப்பாயில் நிலைகொண்டு, ஊர்ப் பையன்களுக்கு மேற்கத்தைய வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச சம்பளத்தைத் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவர் கண்டுகொண்டார். கிராமத்தோடு கிடக்கும் வைத்தியர் வேண்டுமென்றால் கிராமத்தின் மொழியிலேயே படிப்பிக்கவேண்டும். 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் வெள்ளைக்காரர்போல உடுத்துவதைக்கூட அவர் விரும்பவில்லை. 60க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள்.

அவர் தமிழாக்கிய நூல்களின் பெயரைச் சொல்லும்போதே எனக்கு மரியாதை வருகிறது: 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம். இவற்றில் கடைசி நூல் வெளிவந்தபோது அவர் அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்தார். 1884இல் இறந்தார்.

என் தொழிலோடு ஒட்டியது அவருடைய வேறொரு நூல். 1857இல் வந்த பிரசவ வைத்தியம். அதைப் படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பிள்ளைப்பேற்று அறைக்குள் ஆண்களை எளிதில் விடாத யாழ்ப்பாணத்தில், அந்த நூலில் இருந்த அறிவு கட்டிலருகே போவதற்கு வழியில்லை. கதவுக்கு உள்ளே மருத்துவிச்சி. வெளியே, திண்ணையில், புத்தகம் படித்த வைத்தியர். தாயின் உடம்பைத் தொடாமல், உள்ளிருந்து யாரோ சொல்வதைக் கேட்டு மருந்து சொல்லவேண்டும். தமிழில் நூல் இருந்தது. தமிழில் நோவு இருந்தது. தொடக்கூடிய கையில்லை.

அந்தக் கை வர 41 வருடம் எடுத்தது. அமெரிக்கச் சகோதரிகள் மேரி லீச்சும் மாகிறெற் லீச்சும் வெளிநாடுகளில் அலைந்து காசு திரட்டி, 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியட் ஆஸ்பத்திரியைத் திறக்க வைத்தார்கள். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த டொக்ரர் இசபெல்லா கர் அதன் தூணாக நின்றார். தமிழ்ப் பெண்பிள்ளைகள் அங்கே தாதிகளாகப் பழகினார்கள். என் அம்மா பிறந்தது அங்கே, நான் பிறந்ததும் அங்கேதான்.

ஸ்கடர் குடும்பத்தின் கதையும் இதே கதவில்தான் முட்டுகிறது. ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர், ஆண் டொக்ரரைத் தொடவிடாத மூன்று வீடுகளில் ஒரே இரவில் மூன்று தாய்மார் பிள்ளைப்பேற்றில் இறந்ததைக் கேட்டுத்தான் வைத்தியம் படிக்கப் போனார். வேலூரில் அவர் 1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். பண்டத்தரிப்புக்கும் வேலூருக்கும் நடுவே கடல் கிடக்கிறது. பூட்டிய அறை இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

ஆனாலும் கை வந்தவுடன் ஊர் அதைக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டது என்று சொல்லமாட்டேன். நான் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, இணுவில் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற என் அம்மம்மாவே அழுதார். "கண்டவையின்ரை மலசலம் அள்ளுற வேலை உனக்கேனடி?" துடக்கு, சாதி, கலியாணம் பேசும்போது யார் என்ன கேட்பார்கள் என்ற பயம், எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. முதல் தலைமுறைத் தாதிகளில் வேதக்காரப் பிள்ளைகள் பலர் இருந்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தன்னைக் குளிப்பாட்டிய, தன் இரத்தச் சீலையை மாற்றிய பெண்ணைப் பற்றி அம்மம்மாவிடம் கேட்டேன். "நல்ல பிள்ளை. சாப்பிட்டியோ எண்டு கேப்பாள்" என்றார். பெயர் நினைவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னைத் தடுக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியின் வரலாறு வேறு வழி. வட மாகாண அரசாங்க அதிபர் டைக் காலத்தில், 1850ஐ ஒட்டி, ஊர்ப் பணத்தையும் சேர்த்துத் தர்ம ஆஸ்பத்திரியாக எழும்பியது. 1907இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. 1978இல் யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடம் வந்தபிறகு போதனா வைத்தியசாலை ஆயிற்று. ஊரார் நாவில் பெரியாஸ்பத்திரி, எங்கள் நாவில் டியூட்டி.

நான் போவதற்கு ஐந்து வருடம் முன்பு, 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாளில், இந்திய இராணுவத்தினர் உள்ளே புகுந்து சுட்டார்கள். 60க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆஸ்பத்திரி ஊழியர் மட்டும் 21 பேர். டொக்ரர்மார், தாதியர், சிற்றூழியர். மறுநாள் காலை, கைகளை உயர்த்தியபடி தாதியரோடு நடந்துவந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டு இறந்தார். எனக்கு வேலை பழக்கியவர்களில் சிலர் அந்த இரவில் அங்கே இருந்தவர்கள். அவர்கள் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு சிஸ்டர் எந்த வாட்டுக்குள் போனாலும் பின்கதவு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிவிட்டது.

முதல் இரவில் சிஸ்டர் தந்த கொப்பியை நான் தொலைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோது, பையில் இரண்டு சீருடை, அம்மாவின் மருந்து, இந்தக் கொப்பி. மழையில் ஓரம் ஊறி, மை பரவி, சில சொற்கள் அழிந்துபோயின. பிறகு நினைவிலிருந்து திரும்ப எழுதினேன். தந்தவரிடம் கேட்டுச் சரிபார்க்க அவர் ஊரில் இல்லை. அகதியாக எங்கோ போய்விட்டார்.

இப்போது வாட்டுக்கு வரும் புதுப் பிள்ளைகளில் யாழ் பல்கலைக்கழகத்தில் தாதியப் பட்டம் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். பாடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர். தெற்கிலிருந்து நியமனம் பெற்று வரும் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஒருநாள் மத்தியானம் வந்து, "அக்கா, ஐயா 'ஏலாது' சொல்றார். எங்க நோகுது?" என்று கேட்டாள். எங்கும் நோகவில்லை, உடம்பில் பலமில்லை என்கிறார், ஆனால் பிரஷரையும் சீனியையும் பார்த்துவிடு என்றேன். பார்த்தாள். சீனி நன்றாகக் குறைந்திருந்தது.

அந்த ஐயாவுக்குக் குளுக்கோஸ் ஏற்றி, அவர் தெளிந்து தேத்தண்ணி கேட்ட பிறகு, கொப்பியை அவளிடம் கொடுத்தேன். மேசையில் வைத்து, நான் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சிங்கள எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொண்டு போனாள். நாரி என்ற சொல்லில் நின்றாள். இடுப்பா, முதுகா என்று கேட்டாள். நான் எழும்பித் திரும்பி நின்று, கையை வைத்துக் காட்டினேன்.