சுற்றுவழியும் நேர்வழியும்: அகர்தலாவின் இணைய நுழைவாயில் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

எண்ணிம இடைவெளி பற்றிய நம் கருத்தரங்குகளில் கருவியின் விலை, எழுத்தறிவு, மின்சாரம், மொழி ஆகிய நான்கும் தவறாமல் பேசப்படுகின்றன. ஐந்தாவதான ஒன்று பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அது வழி. இணையம் ஓர் ஊரை எந்தத் தடத்தில் வந்தடைகிறது, அத்தடம் யாருடைய நிலத்தைக் கடக்கிறது, அந்நிலத்தின் உரிமையாளர் எப்போது இசைகிறார், எப்போது மறுக்கிறார் என்பவை தொழில்நுட்பக் கேள்விகளைப் போலத் தோன்றினாலும் வரலாற்றுக் கேள்விகளே. இதற்கு இந்தியாவின் வடகிழக்கில், திரிபுராவின் தலைநகரான அகர்தலாவைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2016 மார்ச் 23 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் காணொலி வழியே இரு இணைப்புகளை ஒருசேரத் தொடங்கிவைத்தனர். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரையிலிருந்து அகௌரா எல்லை வழியாக அகர்தலாவுக்கு நொடிக்கு 10 கிகாபிட் இணையக் கொள்ளளவு வந்தது. திரிபுராவிலிருந்து வங்கதேசத்தின் கொமில்லாவுக்கு 100 மெகாவாட் மின்சாரம் சென்றது. மும்பை, சென்னைக்கு அடுத்து நாட்டின் மூன்றாவது பன்னாட்டு இணைய நுழைவாயில் என்று அகர்தலா அன்று அறிவிக்கப்பட்டது. கடலே இல்லாத ஒரு மலை மாநிலத் தலைநகர், கடலடி வடங்கள் கரையேறும் இரு பெருநகரங்களோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டது. அந்த நாளை இரு நாட்டு நட்பின் நாளாக மட்டும் பதிவுசெய்தால், அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகள் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

திரிபுராவின் நிலவியலிலிருந்து தொடங்குவோம். அம்மாநிலத்தின் எல்லையில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 856 கிலோமீட்டர், வங்கதேசத்தோடு அமைந்தது. இந்தியாவின் ஏனைய பகுதிகளோடு அதற்கிருக்கும் தொடர்பு அசாம், மிசோரம் வழியே மட்டும்தான். மன்னராட்சிக் காலத்தில் இது ஒரு குறையாக இருக்கவில்லை. திரிபுரா மன்னர்கள் மலைநாட்டை ஆண்டதோடு, கொமில்லாச் சமவெளியில் சக்லா ரோஷனாபாத் என்ற ஜமீனையும் வைத்திருந்தனர். மலை ஆட்சிக்கும் சமவெளி வருவாய்க்கும் பயன்பட்டது. அரசின் முகம் மேற்கு நோக்கியே இருந்தது.

குடியேற்ற ஆட்சியின் இருப்புப்பாதையும் அந்த நிலவியலைத்தான் பின்பற்றியது. 1892 இல் உருவான அசாம் வங்காள இருப்புப்பாதை நிறுவனம், அசாமின் தேயிலையைச் சிட்டகாங் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதை முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. சிட்டகாங்–கொமில்லா தடம் 1895 இல் திறக்கப்பட்டது. பின்னர் அது அகௌரா வழியே வடக்கே அசாம் நோக்கி நீண்டது. அகர்தலாவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் அகௌரா சந்திப்பு இருந்தது. சரக்கும் கடிதமும் தந்தியும் அந்த வழியே வந்தன. வடகிழக்கின் தென்பகுதிக்கு இயல்பான கடல்வாயில் சிட்டகாங்தான்.

1947 இந்த வழியை அயல்நாட்டு வழியாக்கியது. சக்லா ரோஷனாபாத் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போயிற்று. 1949 அக்டோபரில் திரிபுரா இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. ஆயினும் பிரிவினை நடந்த மறுநாளே எல்லாம் அறுந்துவிடவில்லை. எல்லை தாண்டிய இரயிலும் ஆற்றுப் போக்குவரத்தும் குறைந்த அளவில் தொடரவே செய்தன. அவற்றை முற்றாக நிறுத்தியது 1965 ஆம் ஆண்டுப் போர். அதன்பின் அகர்தலாவுக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே எஞ்சியது, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை குறுகும் சிலிகுரி இடைகழியைச் சுற்றிச் செல்லும் சாலை மட்டுமே. வங்கதேசத்தின் ஊடே ஏறத்தாழ 500 கிலோமீட்டரில் முடியவேண்டிய பயணம் 1,600 கிலோமீட்டராயிற்று. அகர்தலா நகருக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்ததே 2008 இல்தான்.

சாலை எவ்வழியோ, வடமும் அவ்வழி. ஒளியிழை வடங்களை நெடுஞ்சாலை ஓரத்திலும் இருப்புப்பாதை ஓரத்திலும் புதைப்பதே வழக்கம். ஆகவே 1965 இல் நிலைபெற்ற சுற்றுவழியே பிற்காலத்தில் இணையத்தின் வழியாகவும் ஆனது. அகர்தலாவில் ஒருவர் ஓர் அயல்நாட்டு இணையதளத்தைத் திறந்தால், அக்கோரிக்கை அசாம் மலைகளைக் கடந்து, சிலிகுரி இடைகழியில் நுழைந்து, நாட்டின் குறுக்கே சென்னைக்கோ மும்பைக்கோ போய்த்தான் கடலில் இறங்க வேண்டியிருந்தது. வழியில் மழைக்காலத்து மண்சரிவு ஒன்றோ, சாலை அகலப்படுத்தும் பணியில் மண்வாரி இயந்திரத்தின் ஒரு வெட்டோ போதும், மாநிலமே தடுமாறும். மாற்றுத்தடம் இல்லாத ஊரில் இணையம் மெதுவாக இருப்பதோடு நிற்பதில்லை. அது நம்பத்தகாததாகவும் ஆகிறது. மருத்துவமனையோ வங்கியோ பல்கலைக்கழகமோ அதை நம்பித் தன் அன்றாடப் பணியை அமைத்துக்கொள்ள முடியாது. இத்தனைக்கும் அகர்தலாவுக்குத் தெற்கே இருநூறு கிலோமீட்டர் அளவிலேயே சிட்டகாங் கடற்கரை இருந்தது.

வங்கதேசத்தின் நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்கிழக்கு ஆசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் நான்காவது பெரும் கடலடி வடத்தின் வழியாக அந்நாடு 2006 இல்தான் கடலடி இணையத்தோடு இணைந்தது. காக்ஸ் பஜாரில் கரையேறிய அவ்வடத்தில் அந்நாட்டுக்குரிய கொள்ளளவு, அன்றைய உள்நாட்டுத் தேவைக்கு மிகுந்து நின்றது. அதே வேளையில் மின்பற்றாக்குறை கடுமையாக இருந்தது. திரிபுராவிலோ நிலைமை நேர்மாறு. அங்கே இயற்கை எரிவாயு இருந்தது, இணையம் இல்லை.

இவ்விரு குறைகளையும் பிணைத்த முதல் நிகழ்வு இணையம் சார்ந்ததன்று. திரிபுராவின் பாலாட்டானாவில் 726 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் அமைந்தபோது, அதன் மாபெரும் இயந்திரப் பாகங்களை மலைச்சாலைகளில் கொண்டுவர இயலவில்லை. வங்கதேசம் தன் அஷுகஞ்ச் ஆற்றுத்துறை வழியே அவற்றை இறக்கி, அகௌரா வரை சாலையில் கொண்டுசெல்ல இசைந்தது. அதற்காகத் தித்தாஸ் ஆற்றின் குறுக்கே தற்காலிக மண்பாதை போடப்பட்டது. ஆற்றை மறித்ததற்கு எதிராக அந்நாட்டில் கடும் எதிர்ப்பும் எழுந்தது. வட்டார ஒத்துழைப்பு என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். அதன் விலையை அன்று கொடுத்தது ஆற்றை நம்பி வாழ்ந்த எளிய மக்கள் என்பதும் இவ்வரலாற்றின் பகுதிதான். 2013 இல் மின்நிலையத்தின் முதல் அலகு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2015 ஜூனில் டாக்காவில், பிஎஸ்என்எல் நிறுவனமும் வங்கதேசக் கடலடி வட நிறுவனமும் இணையக் கொள்ளளவுக் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு மார்ச்சில் மின்சாரமும் இணையமும் எதிரெதிர்த் திசைகளில் எல்லையைக் கடந்தன.

இதே காலத்தில் நடந்த வேறொரு முயற்சியோடு இதை ஒப்பிடுவது பயன்தரும். சார்க் நாடுகளுக்கென ஒரு செயற்கைக்கோளை அனுப்ப இந்தியா 2014 இல் முன்வந்தது. பாகிஸ்தான் விலகிக்கொள்ள, தெற்காசியச் செயற்கைக்கோள் என்ற பெயரில் 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது ஏவப்பட்டது. பன்னிரண்டு கேயூ அலைவரிசை டிரான்ஸ்பாண்டர்கள் கொண்ட அக்கோளை அண்டை நாடுகளுக்கான அன்பளிப்பு என்று இந்தியா அறிவித்தது. அடுத்த ஆண்டே வங்கதேசம் தனக்கெனச் சொந்தமாக ஒரு செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. அன்பளிப்பின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதில் கொடுப்பவரும் பெறுபவரும் வேறு வேறு நிலையில் நிற்கிறார்கள். அகௌரா ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் விற்க ஒன்று இருந்தது, வாங்க ஒன்று இருந்தது. அதுவே அதன் வலிமை என்பது என் வாதம்.

அந்த வலிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. 2016 இல் நடந்தது விற்பனை: வங்கதேசம் தன் மிகுதியை விற்றது. தன் நிலத்தை வெறும் கடவுப்பாதையாகத் தருவது வேறு வகை. அந்நாட்டு நிறுவனங்கள் இரண்டு, அகௌரா எல்லையிலிருந்து வங்கதேசத்தின் ஊடாகச் சிங்கப்பூர் வரை வடகிழக்கின் இணையப் போக்குவரத்தைக் கொண்டுசெல்ல முன்மொழிந்தன. அம்முயற்சியை அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் கைவிட்டது. வட்டார இணைய மையமாகத் தங்கள் நாடு வளரும் வாய்ப்பை அது குறைத்துவிடும் என்ற கருத்து அங்கே முன்வைக்கப்பட்டது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஹசீனா அரசு வீழ்ந்திருந்தது. இதைப் பகைமை என்று மட்டும் வாசிப்பது ஆய்வாளருக்கு அழகன்று. ஒரு நாடு தன் நிலவியல் தரும் பேரவலிமையை எளிதில் விட்டுக்கொடுக்காது. இந்தியாவும் நேபாளம், பூட்டானோடு அவ்வாறே நடந்துகொண்டிருக்கிறது. இந்திய வழியை மட்டுமே நம்பியிருந்த நேபாளம், 2018 ஜனவரியில் ரசுவாகடி வழியே சீனாவோடு இரண்டாவது இணையத் தடத்தை ஏற்படுத்திக்கொண்டதற்கும் இதுவே பின்னணி.

சட்டத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் திரிபுராவின் நிலை இன்னும் சிக்கலானது. கடல் சட்டம் பற்றிய 1982 ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 125 ஆம் உறுப்பு, கடலற்ற நாடுகளுக்கு அண்டை நாட்டின் வழியே கடலை அடையும் உரிமையை வழங்குகிறது. அந்த உரிமை ஆட்களையும் சரக்குகளையும் வண்டிகளையும் பற்றியது, தரவைப் பற்றியதன்று. மேலும் அது நாடுகளுக்குரியது. நீண்ட கடற்கரை கொண்ட ஒரு நாட்டுக்குள் கடலின்றி அடைபட்ட மாநிலத்துக்கு அதில் இடமில்லை. எனவே அகர்தலாவின் நேர்வழி இரு அரசுகளின் நல்லெண்ணத்தையும் ஒரு குத்தகைத் தாளையும் மட்டுமே சார்ந்து நிற்கிறது.

இறுதியாக, நுழைவாயில் திறந்தபின் வீட்டுக்குள் என்ன நடந்தது? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21 இல் நடந்தது. திரிபுராவில் இணையத்தை எப்போதேனும் பயன்படுத்தியிருந்த பெண்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதே வடகிழக்கில், அதே போலக் கடலற்ற சிக்கிமில் பெண்களில் நான்கில் மூன்று பங்கினர் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தனர். 2020 இல் மிசோரமின் மவ்ரெய் கிராமத்து மாணவர்கள் குன்றின் மேல் தற்காலிகக் குடில் அமைத்து இணையவழிப் பல்கலைக்கழகத் தேர்வு எழுதிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நுழைவாயில் மொத்த வணிகம். கிராமத்துக் கோபுரம், குடும்பத்துக்குள் கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பது, பெண்ணின் கல்வி ஆகியவை சில்லறை வணிகம். முன்னதை இரு பிரதமர்கள் ஒரு காலைப்பொழுதில் திறந்துவைக்க முடிந்தது. பின்னதற்கு அப்படி ஒரு காலைப்பொழுது கிடையாது. 2014 செப்டம்பரில் வடகிழக்குக்கென ஒன்றிய அரசு ஒப்புதலளித்த, 5,300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொலைத்தொடர்புத் திட்டத்தை இந்தக் கோணத்திலிருந்துதான் மதிப்பிட வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொலைத்தொடர்பு வரலாற்றை அமைச்சக அறிக்கைகளிலிருந்து மட்டும் எழுதாதீர்கள். இருப்புப்பாதைக் கால அட்டவணைகளையும், 1965 க்குப் பிந்தைய எல்லைக் கோப்புகளையும், துறைமுகப் பதிவேடுகளையும் அதனோடு சேர்த்து வாசியுங்கள். 2023 நவம்பர் 1 அன்று அகர்தலா–அகௌரா இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரயிலுக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே இணையம் அந்த எல்லையைக் கடந்துவிட்டது. வரிசை மாறியிருக்கிறது, ஆனால் தடம் 1890களில் போடப்பட்ட அதே தடம். வடகிழக்கின் எண்ணிம இடைவெளியைப் பின்தங்கிய பகுதியின் இயல்பான நிலை என்று எழுதுவோர், அப்பகுதி எந்த ஆண்டில், எந்த முடிவால் பின்தள்ளப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதும் கடமை உடையவர்கள்.