விடுதி

விடு என்னும் வினையடியில் பிறந்த சொல் விடுதி. விடு என்றால் நீங்கு, அனுப்பு மட்டுமல்ல. வண்டியை அவிழ்த்து விட்டு இளைப்பாறத் தங்குவதும்தான். வழிப்போக்கர் இறங்கித் தங்கும் இடம் விடுதி. ஊர்ப் பெயரிலும் இது உண்டு: புதுக்கோட்டை மாவட்டத்து மருதன்கோன்விடுதி.

மாணவர் விடுதியில் இச்சொல்லுக்கு ஒரு முரண் சேர்கிறது. 'விடு' என்பதில் பிறந்த இடத்தின் முதல் விதி, கேட்காமல் வெளியே விடமாட்டோம் என்பது!

கல்வராயன் மலைக்கு வாருங்கள். மலைச் சிற்றூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க அரசு நடத்துபவை 'உண்டு உறைவிடப் பள்ளிகள்'. இங்கே 'உண்டு' என்பது 'இருக்கிறது' அன்று, 'சாப்பிட்டு' என்பது. உறைவு + இடம் = உறைவிடம்; உறைதல் என்றால் தங்கி வாழ்தல். விடுதிப் பொறுப்பாளருக்குப் பெயர் காப்பாளர். பூட்டுபவர் அல்லர், காப்பவர். மணியடித்தால் எழுவதும், தட்டைக் கழுவி வைப்பதும், வருகைப் பதிவேட்டில் பெயர் விழுவதும் அந்தக் காப்பின் பகுதி.

பல துறைகள் நடத்திவந்த மாணவர் விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்ற பொதுப்பெயரைத் தமிழக அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. முன்னொட்டு மாறியது, விடுதி நிலைத்தது.

விடுப்பு, விடுமுறை, வீடு எல்லாம் அதே வேர்தான். விடுமுறை வந்ததும் விடுதிப் பிள்ளை விடுப்பு எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போகிறது: நான்கு சொல், ஒரே 'விடு'.