கந்தையில் தைத்த பெயர்கள்

ஊரை விட்டு வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்குக் காந்தா என்றால் ஒரு புடவை. தில்லி ஹாட்டிலோ, குளிர்காலக் கைத்தறிக் கண்காட்சியிலோ தொங்கும். டஸ்ஸர் பட்டு முழுக்கப் பொடிப்பொடியாகத் தையல் ஓடியிருக்கும். விலையைக் கேட்டதும் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவோம் :-)

ஆனால் காந்தா புடவையானது சமீபத்தில்தான். அதற்கு முன் பல தலைமுறைகளாக அது கிழிந்த துணி. சமஸ்கிருதத்தில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்டுத் தைத்த துணி. கசக்கிக் கட்டச் சொல்லி நம் பாட்டிகள் அறிவுரை சொல்வார்களே, அந்தக் கந்தையும் அதே குடும்பத்துச் சொல்தான்.

வங்காளத்துக் கிராமத்து வீடுகளில் இதை எப்படிச் செய்தார்கள்? கட்டிக் கட்டி நைந்துபோன வெள்ளைப் புடவைகளையும் வேட்டிகளையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். கோடைக்குப் போர்த்த இரண்டு மூன்று அடுக்கு, குளிருக்கு என்றால் இன்னும் கூட. சுருக்கம் நீவி, ஓரம் மடித்து, எல்லா அடுக்கையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவார்கள். நாம் கிழிசலுக்கு முதலில் போடுகிற அதே சாதாரணத் தையல்தான், வேறு வித்தை கிடையாது. நூலுக்கும் கடைக்குப் போகவில்லை. பழைய புடவையின் கரையிலிருந்தே சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை உருவிக்கொண்டார்கள். தையல் நெருங்க நெருங்கத் துணி மெல்லச் சுருங்கி, குளத்தில் காற்றடித்த மாதிரி அலையலையாக எழும். நடுவில் ஒரு தாமரை, நாலு மூலையிலும் மாங்காயோ மரமோ. மிச்ச இடமெல்லாம் அவரவர் மனசு போல.

பழைய துணி ஏன்? ஏழ்மை ஒரு காரணம். இன்னொரு காரணம் நமக்கே தெரியும். பச்சைக் குழந்தையைப் புதுத்துணியில் போட மாட்டோம், பாட்டியின் பழைய புடவையில்தான் தூளி கட்டுவோம். பல நூறு தடவை துவைத்த பருத்திக்கு இருக்கும் மிருது எந்தப் புதுத்துணிக்கும் வராது. கண்ணேறு படாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும்.

போர்வை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்க 'ஆர்ஷிலதா', புத்தகம் போன்றவற்றை மூடி வைக்க 'பைத்தன்', தலையணைக்கு உறை, விருந்தாளி உட்கார விரிப்பு என்று வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு காந்தா உண்டு. எதுவும் விற்பனைக்கு இல்லை. மகளுக்கு, பேரனுக்கு, மருமகனுக்கு என்று ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்காகத் தைத்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், சில காந்தாக்களில் பெயரும் தைத்திருக்கிறார்கள். மானதாசுந்தரி என்ற பெண்ணின் காந்தா ஒன்று கொல்கத்தா ஜோக்காவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரைகள், சிப்பாய்கள் என்று அந்தக் காலத்து உலகமே அதில் இருக்கிறது. கூடவே, தன் அப்பாவுக்காகத் தன் கையாலேயே தைத்தது என்று எழுத்திலும் தைத்து வைத்திருக்கிறார். அந்த அம்மாளைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது ஏறக்குறைய அந்தத் துணிதான். கோயில் கட்டியவன் கல்லில் பெயர் வெட்டினான், இவர் கந்தையில் தைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் துணி அருங்காட்சியகத்துக்கு வந்த கதையும் சுவாரசியம். மில் துணியும் மலிவு விலைக் கம்பளியும் வந்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காந்தா தைக்கும் வழக்கம் தேய ஆரம்பித்தது. அப்போது ஐ.சி.எஸ். அதிகாரியான குருசதய் தத் (1882-1941) வேலை நிமித்தம் போன மாவட்டங்களில் எல்லாம் பொம்மை, படச்சுருள், காந்தா என்று சேகரித்தார். கலெக்டர் துரை கந்தல் கேட்கிறாரே என்று அந்த வீட்டுப் பெண்கள் என்ன நினைத்திருப்பார்களோ! கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஸ்டெல்லா கிராம்ரிஷும் சேகரித்தார், 1939-ல் காந்தாவைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். அவருடைய காந்தாக்கள் இப்போது அமெரிக்காவில், பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-ல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைக் கவிதையில், பிரிந்துபோன கணவனை நினைத்துத் தன் வாழ்க்கையையே காந்தாவில் தைக்கிறாள் ஒருத்தி. சித்திரத் தையல் போட்ட காந்தாவுக்கு 'நக்ஷி காந்தா' என்ற பெயர் பரவலானது அந்தக் கவிதையால்தான்.

1947-ல் வங்காளம் இரண்டானது. பேர்போன காந்தாக்கள் வந்த ஜெசோர், குல்னா, ஃபரித்பூர் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் சாந்திநிகேதனைச் சுற்றித் தாகூர் குடும்பத்தினர் ஏற்கெனவே கிராமக் கைவேலைகளுக்கு ஊக்கம் கொடுத்து வந்தார்கள். அந்தப் பக்கம் 1971 போருக்குப் பிறகு, பெண்களுக்கு வருமானம் வேண்டும் என்று காந்தாவைத் தொண்டு நிறுவனங்கள் கையில் எடுத்தன. 1978-ல் தொடங்கிய ஆரோங் கடைகள் அப்படி வளர்ந்தவை. 1980-களில் கொல்கத்தாவிலும் ஷாம்லு துதேஜா போன்றவர்கள் முயற்சியில் காந்தா புதுப் பட்டுக்கு ஏறியது. புடவை, துப்பட்டா, ஸ்டோல் எல்லாம் வந்தன. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நல்லதுதானே? நல்லதுதான். பீர்பூம் மாவட்டத்தில் நானூர், போல்பூர் பக்கம் வீட்டை விட்டு வெளியே போக முடியாத எத்தனையோ பெண்களுக்கு, அதில் இஸ்லாமியப் பெண்கள் ஏராளம், கையில் காசு வந்தது இதனால்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை.

ஆனால் கணக்கில் ஒன்று விட்டுப்போனது. துணி முதலாளியுடையது. டிசைன் டிரேசிங் தாளில் வருகிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு முழுப் புடவை முடிய மாதக் கணக்கில் ஆகும், பெரிய வேலை என்றால் ஒரே புடவையைப் பலர் பங்குபோட்டுத் தைப்பார்கள். முடிந்ததும் அதில் கடையின் லேபிள் ஒட்டும். காசே வாங்காமல் தைத்த மானதாசுந்தரியின் பெயர் நமக்குத் தெரிகிறது. கூலிக்குத் தைத்தவரின் பெயர், அவர் தைத்த புடவையை வாங்கிக் கட்டுகிற நமக்கே தெரியாது.

அண்மையில் சில பெயர்கள் வெளியே வந்திருக்கின்றன. காந்தாவுக்காக 2023-ல் பிரீதிகணா கோஸ்வாமிக்கும், 2024-ல் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தைக்கும் தொழிலில் இரண்டு பெயர்கள். பரவாயில்லை, இது ஒரு தொடக்கம்.

அடுத்த முறை கண்காட்சியில் காந்தாவைப் பார்த்தால் விலை கேட்கும் முன் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கைத்தையல் என்றால் இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இயந்திரத் தையல் அச்சடித்த மாதிரி ஒரே சீராக ஓடும். பிறகு, யார் தைத்தது என்றும் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது, ஆனாலும் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் வைத்திருப்பார்கள்.

அப்புறம், வீடு மாறும்போதெல்லாம் தூக்கிப்போட மனசு வராமல் கூடவே கொண்டு திரிகிறோமே, அம்மாவின் பழைய சுங்குடிகள்? மூன்றை எடுத்து அடுக்கி ஓட்டுத்தையல் போட்டால் இந்த ஊர் ஜனவரிக்குக் குழந்தைக்குப் போர்த்த ஆகும். ஓரத்தில் அம்மா பெயரையும் உங்கள் பெயரையும் தைத்துவிடுங்கள். தமிழிலேயே தைக்கலாம். எழுத்து கொஞ்சம் கோணினால் பரவாயில்லை.