திண்ணைப் பள்ளி சொல்லித்தரும் நினைவுப் பாடம்



"பத்து முறை படித்தும் மறுநாளே குறளை மறந்துவிடுகிறான், டீச்சர். இந்த மனனமெல்லாம் இன்னும் தேவையா?" என்று ஆண்டு 4 மாணவன் ஒருவனின் தாயார் அண்மையில் என்னிடம் கேட்டார். பத்து முறை படிக்கச் சொன்னவளே நான்தான். அக்கேள்வி என்னை உறுத்தியது. விடை தேடி வரலாற்றைப் புரட்டினேன்.

நம் பினாங்கில் 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். அக்காலத்தில் தமிழகத்துச் சிறுவர்கள் பயின்ற இடம் திண்ணைப் பள்ளி. அங்கு எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுவர். எண்சுவடியை ஏட்டைப் பாராமல் ஒப்புவிப்பர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பான்.

1789இல் சென்னை எழும்பூரில் சிறுவர் காப்பகப் பள்ளியின் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நாட்டுப்பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவர்களையே மாணவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள 'மெட்ராஸ் காலேஜ்' என்னும் பள்ளி அதன் நினைவைத் தாங்கி நிற்கிறது.

பின்னாளில் இம்முறையை வெறும் 'உருப்போடுதல்' என்று ஒதுக்கினோம். ஆயினும் அதன் ஒரு கூறு இன்றைய ஆய்வோடு ஒத்துப்போகிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பகுதியினர் பாடத்தை மீண்டும் படித்தனர். மறுபகுதியினர் பாராமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடத்திற்குப் பின் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழிந்ததும் நிலை மாறியது: மீண்டும் படித்தவர்கள் நினைவில் 42 விழுக்காடும், நினைவுகூர்ந்தவர்கள் நினைவில் 56 விழுக்காடும் எஞ்சியிருந்தன.

என் தவறு அப்போதுதான் விளங்கியது. நான் செய்வித்தது வாசிப்பு. திண்ணையில் நடந்தது ஒப்புவிப்பு. இரண்டும் ஒன்றல்ல.

திண்ணைப் பள்ளியைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. அங்குப் பிரம்படி இருந்தது. பொருள் விளங்காத மனப்பாடமும் இருந்தது. எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் அங்கு இடமில்லை. அவற்றை விலக்கி, நல்லதை மட்டும் கொள்வோம்.

இப்போது என் வகுப்பில் முதலில் பொருள் விளக்கம். பிறகு நூலை மூடிவிட்டு, ஒருவர் மற்றவரிடம் ஒப்புவிக்கின்றனர். இரண்டு நாள் கழித்து மீண்டும் ஒருமுறை. அடுத்த வாரம் இன்னொரு முறை. புள்ளி இல்லை, தண்டனையும் இல்லை.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அச்சமூட்டும் தேர்வு போனதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நினைவுகூரும் பழக்கமும் அதோடு போய்விடலாகாது. பெற்றோர்களே, இன்றிரவு "படித்தாயா?" என்று கேட்காதீர்கள். "இன்று படித்ததை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள்.