தந்தப் பதுமையும் சிலந்தி நிபுணரும்

ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத்துத் தந்தப் பதுமைகளின் முன் நிற்கும்போதெல்லாம், கொண்டையும் ஆபரணமும் கண்டு இன்னார் இவர் என்று வகுத்துரைக்கும் வித்தையை நம்மவர் யாரிடம் பயின்றனர் என்ற வினா என் மனத்தில் எழுவதுண்டு. 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தின் தலைமைப் பீடம், 1940-இல் மானிடவியலாளர் ஐயப்பன் ஏற்கும்வரை, பெரும்பாலும் ஐரோப்பியர் வசமே இருந்தது. அவருக்கு முன்னிருந்த கிரேவ்லியோ சிலந்திகளை ஆராய்ந்த விலங்கியலார், விந்தைதான்! ஆயினும் 1932-இல் வெளியான தென்னிந்திய உலோகத் திருமேனிகளின் விவரப் பட்டியலில், தம் பெயரோடு டி. என். ராமச்சந்திரன் என்ற இளைஞரின் பெயரையும் சேர்த்தே அச்சிட்டார். அந்நாளில் அது அற்ப விஷயமன்று. அந்த ராமச்சந்திரன் பிற்காலத்தில் தொல்லியல் துறையில் பெரும்பதவி வகித்தார். ஸ்ரீரங்கம் அமைந்த திருச்சியிலோ, இப்போது ராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் அரசு அருங்காட்சியகம் 1983-இல்தான் தோன்றியது.