அடுப்பு விறகும் அதைப் பிளந்த கைகளும்

தோட்டத்து வரலாறு என்றால் நாம் பால்மரத்தைப் பற்றிப் பேசுகிறோம். பெரட்டுக் களத்தைப் பற்றியும், துரை, கிராணி, மண்டோர் ஆகியோரைப் பற்றியும் பேசுகிறோம். லயத்து வீட்டின் பின்புறம், அடுப்படிக்கு அருகில் கிடந்த ஒரு மரக்கட்டையைப் பற்றி நாம் பேசுவதில்லை. அதன் முகமெல்லாம் வெட்டுத் தழும்பாக இருக்கும். அதன்மேல் வைத்துத்தான் நம் வீட்டு விறகு பிளக்கப்பட்டது. இன்று அந்தக் கட்டையையும், அதன்மேல் விழுந்த கோடரியையும் பாராங் கத்தியையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

விறகை ஏன் சிறிதாகப் பிளக்க வேண்டும்? நெருப்பு மரத்தின் மேற்பரப்பிலிருந்துதான் பற்றுகிறது. தொடை பருமனான கட்டைக்கு ஒரு தீக்குச்சியின் சூடு போதாது. விரல் பருமனான சிராய்க்குப் போதும். இன்னொரு காரணமும் உண்டு. சிலாங்கூர் மழை மிகுந்த மாநிலம். மழையில் நனைந்த கட்டையின் வெளிப்புறம் ஈரமாக இருந்தாலும், உள்மரம் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். பிளந்தால் அந்த உலர்ந்த முகம் வெளியே வரும். நம் பாட்டிமார் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் நன்றாக அறிந்திருந்தார்கள்.

மரத்தைக் குறுக்கே வெட்டுவது வேறு, நெடுக்கே பிளப்பது வேறு. குறுக்கே வெட்டும்போது நார்களை அறுக்க வேண்டும்; அதற்கு மெல்லிய, கூர்மையான வாய் தேவை. நெடுக்கே பிளக்கும்போது நார்களை விலக்கினால் போதும்; அதற்கு ஆப்புப் போலத் தடித்த கன்னங்கள் உடைய கோடரி ஏற்றது. கணு விழுந்த கட்டை எளிதில் பிளக்காது. அதற்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும்.

இந்த அறிவு மிகப் பழையது. இரும்பு வருவதற்கு முன்பு மனிதன் கல்லைத் தீட்டிக் கோடரி செய்தான். அத்தகைய கற்கோடரிகள் இந்நாட்டு மண்ணிலும் கிடைத்துள்ளன. மலாய் மக்கள் அவற்றை இடியோடு விழுந்த கற்கள் என்று எண்ணி ‘பத்து லிந்தார்’ என்று அழைத்தார்கள். பிறகு இரும்பு வந்தது. பேராக், பகாங், சிலாங்கூர் ஆகிய மாநிலங்களில் பழங்கால இரும்புக் கருவிகள் சில கிடைத்தன. அவற்றின் பெயர் ‘துலாங் மாவாஸ்’, அதாவது மாவாஸ் என்னும் குரங்கின் எலும்பு. அந்தக் குரங்கின் முன்கையில் எலும்புக்குப் பதிலாக இரும்பு இருந்தது என்பது மக்கள் சொன்ன கதை. உண்மையில் அவை மனிதக் கைகள் பிடித்து உழைத்த கருவிகளே.

தமிழ்நாட்டிலும் இரும்பின் வரலாறு நீண்டது. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. சிவகளை அகழாய்வின் முடிவுகள் 2025-ல் அந்தக் காலத்தை இன்னும் பின்னுக்குக் கொண்டு சென்றன. ஆகவே, கோடாலியும் அரிவாளும் நம் முன்னோர்க்குப் புதியவை அல்ல. கப்பலேறி வந்தபோது அவர்கள் கையில் மூட்டை சிறிதாக இருந்திருக்கலாம்; தொழில் பழக்கம் கையிலேயே இருந்தது.

ஆனால் இங்கே மரம் வேறு. ஊரில் எரித்தது வேலமரத்துச் சுள்ளி, பனைமட்டை, வறட்டி. இங்கே கிடைத்தது பால்மரம். 1877-ல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் எங்கும் தோட்டங்கள் பரவின. சுமார் 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் குறைந்த மரங்களைச் சாய்த்து, புதிய கன்று நடுவார்கள். 1952-ல் மறுநடவு நிதி ஏற்பட்ட பின் இந்த வேலை பெருகியது. சாய்த்த மரங்களில் ஒரு பகுதி நம் அடுப்புக்கு வந்தது. பால்மரத்தை வெட்டியபின் நெடுநாள் வெளியே போட்டுவைக்க முடியாது. பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும். எனவே, கிடைத்தவுடனே துண்டு போட்டுப் பிளந்து, கூரைக்கடியில் அடுக்கினார்கள்.

கருவியும் இங்கே கலந்தது. நம் கோடாலியோடு மலாய்க்காரரின் பாராங் சேர்ந்தது. நுனிப் பக்கம் கனமான அந்தக் கத்தி சிறு விறகு கீறுவதற்குப் பொருத்தமாக இருந்தது. பழகியவர்கள் விறகை ஒரு கையில் நிறுத்தி, மறு கையால் ஓங்கி வெட்டமாட்டார்கள். கத்தியின் வாயை விறகின் தலையில் மெல்லப் பதிய வைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கிக் கட்டையில் தட்டுவார்கள். அல்லது கத்தியின் முதுகில் ஒரு தடியால் அடிப்பார்கள். விரல் தப்பும், விறகும் நேராகப் பிளக்கும். இது சிறுவர்க்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களுள் ஒன்று.

இப்பொழுது ஒன்றைக் கவனிப்போம். கிள்ளான் பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் விறகால் இயங்கியது. 1880-களில் கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆனபோது சூளைகள் எழுந்தன. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அதற்குச் சாட்சி. சூளைக்கு விறகு வேண்டும். 1886-ல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடியது. பத்து ஆராங் நிலக்கரி 1915-ல் கிடைக்கத் தொடங்கும் முன்னர் எஞ்சினுக்கும் விறகே உணவு. தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டைப் பல நாள் புகைபோட்டு உலர்த்தவும் விறகே எரிந்தது. இந்த விறகுக்கெல்லாம் கணக்கு இருந்தது. எத்தனை சுமை, என்ன விலை, யாருக்குக் கூலி என்று யாரோ ஒருவர் ஏட்டில் எழுதினார்.

நம் வீட்டு அடுப்பு விறகுக்கு அப்படி ஏடு கிடையாது. 1920-களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் அரசாங்கம் வகுத்த தரக் கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. 1930-களில் ரப்பர் விலை விழுந்தபோது அதுவும் குறைந்தது. பத்துக் காசு குறைவாக வாங்கிய அந்தப் பெண்தான் விடியுமுன் எழுந்து, சிராய் போட்டு அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடினாள். மரம் வெட்டி, பால் எடுத்து, காண்டா சுமந்து திரும்பிய பிறகு, மாலையில் மறுநாள் விறகுக்குக் கத்தி எடுத்தாள். செக்ரோலில் பதிந்தது வேலைக்காட்டு உழைப்பு மட்டும். மாலை உழைப்பு எங்கும் பதியவில்லை. அந்த உழைப்பு இல்லாமல் மறுநாள் பெரட்டில் யாரும் வந்து நின்றிருக்க முடியாது.

அடுப்புப் புகைக்கும் ஒரு விலை உண்டு. விறகு, கரி முதலியவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் சேரும் புகை, 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் மக்களின் உயிரைப் பறித்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நன்றாகப் பிளந்து காயவைத்த விறகு குறைவாகப் புகையும். சிராய் சீவும் பொறுமை குழந்தையின் மூச்சைக் காக்கும் வேலையாகவும் இருந்தது.

பின்னர் காலம் மாறியது. தோட்டத் துண்டாடல் பலரை வெளியேற்றியது. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்தன. பெட்டாலிங் ஜெயா நகரமே 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தின் மண்ணில் எழுந்தது. பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் போன்ற இடங்களில், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பலகை வீடு கட்டிக் குடியேறின. அங்கே சாய்த்த பால்மரம் ஏது? மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. பிறகு கேஸ் அடுப்பு. 1980-களில் பால்மரப் பலகை நாற்காலியும் மேசையுமாகிக் கப்பலேறத் தொடங்கியது. அடுப்பில் எரிந்த மரம் விலை மதிப்புப் பெற்றது. அதைப் பிளந்த கைகளுக்கு அத்தகைய மதிப்பு வந்ததா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று கம்போங் மேடான் பகுதியில் அடுக்குமாடி வீடுகள் உயர்ந்து நிற்கின்றன. அங்கே விறகு பிளக்கும் கட்டைக்கு இடமில்லை. பொங்கல் நாளில் மட்டும் சில குடும்பங்கள் கீழே இறங்கி, மூன்று கல் வைத்து, விறகு அடுக்கிப் பால் பொங்க வைக்கின்றன. அப்போது தீ பற்றாமல் இளைஞர்கள் திணறினால், ஒரு பாட்டி முன்வந்து, “கட்டைய பொளந்து போடுப்பா” என்று சொல்வார். அந்த நேரத்தில் அவர் அருகில் உட்காருங்கள். எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்த வயதில் கத்தி பிடித்தார், யார் கற்றுக்கொடுத்தார்கள், கையில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஆண்டும் இடமும் குறித்து, எழுதி வையுங்கள். செக்ரோலில் ஏறாத உழைப்பை நம் பிள்ளைகளாவது எழுதி வைக்கட்டும்.